பேய் நோம்பியும் ரெண்டு கண்ணுப் பூசணிக்காயும்

சரவணம்பட்டியத் தாண்டி, கம்ப்யூட்டர் கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பொறத்தால, முன்னாடி சோளக்காடா இருந்த எடத்துல ஒரு அப்பார்ட்மென்ட் இருக்குது, அதுல ஏ பிளாக் பி பிளாக்னு ரெண்டு பிளாக், ஏ பிளாக்குல எல்லாரும் சொந்த வீட்டுக்காரங்க, பி பிளாக்குல எல்லாரும் எங்களாட்ட வாடகைக்கு இருக்கறவங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஷட்டில் கோர்ட்டு, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேட்டு, அந்தக் கேட்டுக்கு மேல உறியில தொங்குன ஒரு வெள்ளப் பூசணிக்காதான் போன ஐப்பசி மாசம் பூராவும் யார் வெளிய போலாம் யார் போகக்கூடாதுன்னு முடிவு பண்ணுச்சு.

ரெண்டு பிளாக்குக்கும் சண்டை எப்ப வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, தண்ணி லாரியில வந்துச்சும்பார் ஒருத்தர், லிஃப்டுல வந்துச்சும்பார் இன்னொருத்தர், கருவாட்டுக் கொழம்பு வாசத்துல வந்துச்சும்பாங்க எங்கம்மா. ஆனா எங்க ஊர்ல வையறதுகூட மரியாதையாத்தான் வைவோம், அதனால வெளியாளு யாராவது தூரத்துல நின்னு கேட்டா ஏதோ ஒறம்பரையத்தான் விருந்துக்குக் கூப்படறாங்கன்னு நெனச்சுக்குவாங்க.

"நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களாங்க?"

"நாங்க நல்லாத்தானுங்க இருக்கறோம். உங்களுக்குத்தானுங்க வயிறு எரியுதாட்ட இருக்குது, மோர் வாங்கிக் குடிங்க."

ஆயுத பூஜைக்கு ஏ பிளாக்காரங்க அந்தப் பூசணிக்காயில திருஷ்டிக்குன்னு கரியும் குங்குமமும் கொழைச்சு ஒரு பூத முகம் வரைஞ்சு, கேட்டு மேல கட்டுனாங்க. கட்டுனது சென்னியப்பன் அங்கிள், கிரைண்டர் கம்பெனி வெச்சிருந்து வித்துட்டு இப்ப அசோசியேசன் தலைவரா இருக்கறவரு. அது முடிஞ்ச கையோட, மாசக் கடைசியில வர்ற ஹாலோவீனக் கொண்டாடணும்னு பி பிளாக்குப் பசங்க கெளம்புனாங்க, அதுக்குத் தலைவி ஃபிலோமினாக்கா, வீட்டுலயே பியூட்டி பார்லர் வெச்சிருக்கறாங்க, அவங்க லிப்ஸ்டிக் இல்லாம எந்த ரத்தக்காட்டேரிக்கும் வாயி சேப்பாகாது. செதுக்கறதுக்கு முழு அரசாணிக்கா, அதான் மஞ்சப் பூசணி, வேணும்னு கடையில கேட்டா, கீத்துப் போட்டுத்தான் குடுப்போம், முழுசாக் குடுக்கமாட்டோம்னுட்டாங்க. பசங்க என்ன பண்ணுச்சுக, கேட்டுல சும்மாத்தானே தொங்குதுன்னு அந்தத் திருஷ்டிப் பூசணிக்காயவே எறக்கிட்டு வந்து, வரைஞ்ச கண்ணுல ஒண்ண அழிச்சுட்டு, அந்த எடத்துல கத்தியில முக்கோணமா ஒரு கண்ணு செதுக்கிட்டாங்க, வாயில பாதியும் செதுக்கிட்டாங்க, அதுக்குள்ள சென்னியப்பன் அங்கிள் பார்த்துட்டாரு.

"பேய்க்கு எதுக்குங்க நோம்பி? தெனமும் உங்க பிளாக்குல அதத்தானுங்க கொண்டாடறீங்க!"

"பேய் எந்தப் பிளாக்குல இருக்குதுன்னு கண்ணாடியப் பாத்துட்டு வந்து சொல்லுங்க அங்கிள்!" இது ஃபிலோமினாக்கா.

அவரு ஒரு பக்கம் இழுக்க, இவங்க ஒரு பக்கம் இழுக்க, கடைசியில பூசணிக்கா பாதி வரைஞ்ச முகமும் பாதி செதுக்குன முகமுமா, எடது கண்ணு ஏ பிளாக்குக் கண்ணு, வலது கண்ணு பி பிளாக்குக் கண்ணுன்னு மறுபடி கேட்டுக்கே போயிருச்சு.

மறுநாள் காலையில சென்னியப்பன் அங்கிள் வாக்கிங் போக கேட்டுகிட்ட வந்தாரு, பூசணிக்காயோட எடது கண்ணு அடுப்புத் தணலாட்ட செவந்துச்சு, கேட்டு நகரல. வாட்ச்மேன் மாரப்பண்ணன் தள்ளிப் பார்த்தாரு, நகரல. அவங்க ரெண்டு பேரும் கேட்ட வஞ்சுட்டு இருக்கறப்ப ஃபிலோமினாக்கா ஸ்கூட்டியத் தள்ளிட்டு வந்தாங்க, வலது கண்ணுல மஞ்சளா ஒரு வெளிச்சம் வந்துச்சு, ரெண்டு கண்ணும் எரிஞ்சதும் அந்தப் பாதிப்பாதி வாயி கொட்டாவி விடறாப்புல தொறந்துச்சு, கேட்டு தானா நகர்ந்துச்சு. யாருமே ஆச்சரியப்படல. ஆபீசுக்கு நேரமாச்சேன்னு எல்லாருக்கும் கடுப்புத்தான் வந்துச்சு.

நான் இன்ஜினியரிங்ல ஈசிஈ, எலக்ட்ரானிக்ஸ் படிக்கறவ, டிஜிட்டல்ல ஒரு அரியர் வேற வெச்சிருக்கறேன், பார்த்ததுமே எனக்கு இருப்புக் கொள்ளல. அங்க நின்ன எல்லார்கிட்டயும் சொன்னேன், இது ஆண்ட் கேட்டுங்க, எங்க புக்குல படமே இருக்குதுங்க, இந்தக் கண்ணும் எரியணும் அந்தக் கண்ணும் எரியணும், ரெண்டும் எரிஞ்சாத்தான் வாயி தொறக்கும், ஒண்ணு அணைஞ்சாலும் கதை முடிஞ்சுது. ஏ பிளாக்குல ஒருத்தரும் பி பிளாக்குல ஒருத்தரும் கூட நிக்கணும், அவ்வளவுதான்!

சென்னியப்பன் அங்கிள் என்னை மேலயுங் கீழயும் பார்த்தாரு. "அம்மிணி, பாஸ் பண்ணிட்டு வந்து பாடம் எடு."

ஆனா நான் சொன்னதுதான் நடந்துச்சு. சொவர் ஏறிக் குதிச்சவங்க குதிச்சு இந்தப் பக்கமாவே வந்து விழுந்தாங்க, மறுபடி ஏறுனாங்க, மறுபடியும் இந்தப் பக்கமே விழுந்தாங்க, அப்பறம் முட்டியத் தேச்சுக்கிட்டே ஆபீசுக்கு லீவு சொன்னாங்க. பூசணிக்காயத் தூக்கி நடுரோட்டுல போட்டு ஒடைச்சரலாமேன்னா அதுக்கும் வழியில்ல, ஏன்னா திருஷ்டிக் காய ஒரு பிளாக்காரங்க ஒடைச்சா திருஷ்டி பூராவும் அடுத்த பிளாக்கு மேல வந்து எறங்கிரும்னு ரெண்டு பிளாக்குமே நம்புச்சு, அதனால அவங்க ஒடைக்க இவங்க விடல, இவங்க ஒடைக்க அவங்க விடல. அதுவும் அழுகற வழியாக் காணோம், நாளுக்கு நாள் மினுமினுன்னு ஆயிட்டே வந்துச்சு.

அப்பறமென்ன, சோடி சோடியாப் போனாங்க. ஏழு ஜென்மத்துக்கும் மூஞ்சிய மூஞ்சி பாக்கமாட்டோம்னு சத்தியம் பண்ணுனவங்க தெனமும் காலையில பல்லக் கடிச்சுக்கிட்டு பக்கத்துல பக்கத்துல நின்னாங்க, நீங்க நின்னீங்கன்னா நான் போவேன், நான் நின்னேன்னா நீங்க போவீங்க, அதுக்காக நம்ம ரெண்டு பேரும் பேசிக்கோணும்னு அவசியமில்லைங்கன்னு மொதல்லயே சொல்லிக்குவாங்க. சில பேரு தங்களுக்கு வேலையே இருந்தாலும் வேணும்னே தூங்குவாங்க, நான் வெளிய போகாட்டிப் போகுது, அந்தாளும் போகக்கூடாதுங்கறதுக்காக. சென்னியப்பன் அங்கிளுக்குச் சர்க்கரை ஏறட்டும்னு ஃபிலோமினாக்கா காலை நேரத்துல கதவத் தாழ் போட்டுக்கிட்டு டிவி பார்த்தாங்க. அங்கிள் அந்தப் பக்கம் பால்கனியிலயே நடந்தாரு, அந்த முனைக்கும் இந்த முனைக்கும், கூண்டுப் புலியாட்ட.

இந்தக் கூத்துல ஒருத்திக்கு மட்டும் கேட்டு தனியாவே தொறந்துச்சு. அவ பேரு சம்யுக்தா, ஆறாவது படிக்கறா. அவ பைய மாட்டிக்கிட்டு ஒத்தையா வந்து நின்னா ரெண்டு கண்ணும் ஒண்ணா எரியும், வாயி பெருசாத் தொறக்கும், கேட்டு வழி விடும்.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவங்கப்பா நந்தகோபால் ஏ பிளாக்குல மூணாவது மாடி, அவங்கம்மா கவுசல்யா பி பிளாக்குல மூணாவது மாடி. ரெண்டு பேரும் பிரிஞ்சதுக்கு அப்பறம், புள்ள ஸ்கூல் மாறக்கூடாதுன்னு அந்தக்கா எதிர்லயே வாடகைக்கு வந்தாங்க. சம்யு ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. ஞாயித்துக்கெழம ஆனா ஒரு தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஷட்டில் கோர்ட்டக் குறுக்கால நடந்து போவா. தலகாணி மட்டும் ஒண்ணுதான், மத்ததெல்லாம் ரெண்டு ரெண்டு. அந்த ரெண்டு பேரு பிரிஞ்சதும் ஏ பிளாக்கு அவரு பக்கம் நின்னுச்சு, பி பிளாக்கு இவங்க பக்கம் நின்னுச்சு, எங்களுக்கெல்லாம் சண்டை போட அப்பறம் தண்ணி லாரியே தேவைப்படல. லிஃப்டுல அவளப் பார்த்தா எந்தப் பிளாக்கு ஆளா இருந்தாலும் ஒரே கேள்வியத்தான் கேப்பாங்க, கன்னத்தக் கிள்ளிக்கிட்டே கேப்பாங்க.

"ஏன் கண்ணு, உனக்கு அப்பா புடிக்குமா, அம்மா புடிக்குமா?"

அவ ரெண்டும்னு சொல்லுவா. அதெல்லாம் ஒரு பதிலான்னு அவங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்க.

இப்ப அவங்களே, அவ கூட நின்னாச் சோடி தேடாமப் போலாம்னு கைய நீட்டிக்கிட்டு நின்னாங்க. கண்ணு ஒரு எட்டு வந்துட்டுப் போ, அம்மிணி கேஸ் சிலிண்டர் வந்திருக்குது, தங்கம் மாமாவுக்கு ரயிலுக்கு நேரமாச்சு. புள்ள சாப்புடாம கேட்டுல நின்னா, ஷட்டில் வெளையாடாம கேட்டுல நின்னா, வீட்டுப்பாடத்த மாரப்பண்ணனோட பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து எழுதுனா. அவளால போயிட்டு வந்தவங்க யாரும் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லல. ஒரு பொடுசு தயவுல நிக்க வேண்டியதாப் போச்சேன்னு உள்ளுக்குள்ள அவமேலயே எரிஞ்சாங்க.

"எம்புள்ளைய வாட்ச்மேன் ஆக்கிட்டீங்களேங்க," ஒரு நாள் கவுசல்யாக்கா பால்கனியில இருந்து கத்துனாங்க.

எதிர் பால்கனியில நந்தகோபாலண்ணன் துண்ட ஒதறிக்கிட்டே சொன்னாரு, "உங்க பிளாக்குக்காரங்கதான் நாள் முச்சூடும் அவள நிக்க வெக்கறாங்க. நீங்க அவங்கள ஒரு வார்த்தை கேக்கமாட்டீங்க, கேட்டா வாடகை வீட்ட விட்டுத் தொரத்திருவாங்க பாருங்க."

"தொரத்தறதப் பத்தி நீங்க பேசறீங்களா? நல்லாப் பேசுங்க!"

புருசன் பொண்டாட்டியா இருந்தப்ப வா போன்னு பேசிக்கிட்டவங்கதான். பிரிஞ்சப்பறம் 'ங்க' வந்துருச்சு.

இதுக்கெல்லாம் முடிவு கட்டறேன்னு சென்னியப்பன் அங்கிள் ஒரு நாள் கத்தியோட ஏணியில ஏறி, பூசணிக்காயோட வாயிய ரெண்டு பக்கமும் காது வரைக்கும் கிழிச்சு உட்டாரு. அன்னைலேர்ந்து ஒரு கண்ணு எரிஞ்சாலே வாயி தொறந்துக்கிச்சு. எனக்கு ஒரே குஷி, ஆர் கேட்டுங்க இது, ஏ ஆளு வந்தாலும் தொறக்கும், பி ஆளு வந்தாலும் தொறக்கும், ரெண்டு பேரும் வந்தாலும் தொறக்கும், யாருமே வராட்டி மட்டுந்தான் மூடும்னு கத்துனேன். எங்கம்மா என்னை உள்ள இழுத்துக்கிட்டாங்க. எல்லாரும் நிம்மதியா இருந்திருக்கணும். எங்க இருந்தாங்க? இத்தன நாளா அடுத்தவன் இல்லாம நகர முடியாம இருந்தவங்களுக்கு, இப்ப அவனும் அதே நேரத்துல அதே கேட்டுல போறதப் பாக்கவே பொறுக்கல. காருக்குப் பக்கத்துல பைக்க உட்டாங்க, பைக்குக்கு முன்னால காரத் திருப்புனாங்க, கேட்டுல கண்ணாடி ஒடஞ்சுது, சட்டையும் கிழிஞ்சுது.

அப்பத்தான் ரெண்டு பிளாக்கும் ஒண்ணு சேர்ந்துச்சு. ஒண்ணு சேர்ந்து எடுத்த முடிவு என்னன்னா, இனிமே எந்தக் காலத்துலயும் ஒண்ணாப் போகக்கூடாதுங்கறது. சென்னியப்பன் அங்கிள் ஏணியப் புடிச்சுக்கிட்டாரு, ஃபிலோமினாக்கா மேல ஏறி, ஒரு கண்ணுக்கு இன்னொரு கண்ணு தெரியாத மாதிரி, மூக்குக்கு நேரா ஒரு கருப்புக் கயித்த மேலருந்து கீழ வரைக்கும் இறுக்கிக் கட்டுனாங்க. அந்த ரெண்டு பேரும் ஒத்துமையாச் செஞ்சு நான் பார்த்த ஒரே வேலை அதுதான். அன்னைலேர்ந்து ஏ ஆளுங்க மட்டும் நின்னா கேட்டு தொறந்துச்சு, பி ஆளுங்க மட்டும் நின்னா தொறந்துச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா அழுத்தமா மூடிக்கிச்சு. புக்குல இதுக்குப் பேரு எக்ஸ்-ஆர். அவனா நானா, ஒருத்தந்தான். எங்க அப்பார்ட்மென்டுக்கு அளவெடுத்துத் தெச்சாப்புல இருந்துச்சு. மொத ஏ பிளாக்குப் போகும், பி பிளாக்கு பத்தடி தள்ளி மரத்தடியில நின்னு எச்சித் துப்பும், அப்பறம் இவங்க போவாங்க, அவங்க தள்ளி நின்னு துப்புவாங்க. எத்தன அமைதி! திருஷ்டி கழிஞ்சுருச்சுங்கன்னு அங்கிள் எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு. ஏ பிளாக்குல மட்டும் குடுத்தாரு.

மறுநாள் காலையில சம்யு பைய மாட்டிக்கிட்டு வந்து நின்னா. ரெண்டு கண்ணும் எரிஞ்சுது. வாயி மூடிக்கிச்சு.

அவ பின்னால நகர்ந்து மறுபடி வந்தா, மூடியேதான் இருந்துச்சு. ஏ பிளாக்கு ஆளுங்களோட கூட்டத்துல கலந்து வந்தா, அவளால அந்தக் கூட்டமே நின்னுச்சு. போ கண்ணு அந்தப் பக்கம், லேட்டாகுதுன்னு தள்ளி உட்டாங்க. பி பிளாக்குக் கூட்டத்துல வந்தா, உன்னாலதான்டி எங்களுக்கும் தொறக்கலன்னு எங்காளுங்களும் தள்ளி உட்டாங்க. போன வாரம் வரைக்கும் தங்கம், கண்ணு, அம்மிணின்னு கூப்புட்ட அதே வாயிங்க. ஸ்கூல் வேன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுப் போயிருச்சு. அன்னைக்கும் போயிருச்சு, அடுத்த நாளும் போயிருச்சு.

"அதுக்கென்னங்க வெசனம்?" சென்னியப்பன் அங்கிள் சொன்னாரு. "புள்ளைய ஒரு பக்கம் முடிவு பண்ணச் சொல்லுங்க. சுந்தரவடிவேலு பண்ணுனாப்புல."

சுந்தரவடிவேலு அண்ணன் எங்க பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருந்தவரு, ஏ பிளாக்குல வீடு வாங்கிட்டாரு. சாமானெல்லாம் பாதி அங்க பாதி இங்க இருந்ததால அவருக்கும் ரெண்டு கண்ணும் எரிஞ்சுது. அவரு பூசணிக்காயிக்கு முன்னால சூடம் பத்த வெச்சு, எனக்கும் பி பிளாக்குக்கும் இனி ஒட்டுமில்ல ஒறவுமில்லன்னு சொன்னாரு, வலது கண்ணு அணைஞ்சுருச்சு, ஜம்முன்னு வெளிய போனாரு. சாயங்காலம் எங்கம்மா அவருக்குத் தட்டப்பயறு சுண்டல் கொண்டுட்டுப் போய்க் குடுத்தா, கதவத் தொறந்து, யாருங்க நீங்கன்னு கேட்டாரு. வெளையாட்டுக்கில்ல. நெசமாவே அவருக்கு எங்க எல்லாரையும் மறந்துருச்சு, எங்கம்மா சுண்டல, இருந்த வீட்ட, எல்லாத்தையும்.

ஏ பிளாக்கு அதப் பெருசா எடுத்துக்கல. பழசெல்லாம் மறந்தா நல்லதுதானுங்கன்னு சொன்னாங்க.

சம்யுவும் சூடம் பத்த வெச்சா வெளிய போலாம், ஸ்கூலுக்குப் போலாம். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் எதிர் பால்கனியில துணி காயப்போடறது யாருன்னு அவளுக்குத் தெரியாது. அவங்கப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இது தெரியும், நல்லாவே தெரியும். ரெண்டு பேருமே பயந்தாங்க, ஆனா அந்தப் பயத்துலயும் ஒருத்தருமே, வேண்டாம், புள்ள மறந்தா என்னையே மறந்துட்டுப் போகட்டும்னு சொல்லல. எம்பக்கம் வரட்டும்னுதான் சொன்னாங்க. ஸ்கூல்லேர்ந்து போன் மேல போன் வந்துச்சு, இனியும் வராட்டிப் பேரு எடுத்துருவோம்னாங்க. பேய் நோம்பி, அதான் ஹாலோவீன் அன்னைக்குச் சாயங்காலம் ஷட்டில் கோர்ட்டுல கூட்டம் போட்டு முடிவு பண்ணிரலாம்னு அசோசியேசன் சொல்லிருச்சு.

அன்னைக்கு பசங்க எல்லாம் வேஷத்துல வந்துச்சுக, கோலமாவு பூசுன எலும்புக்கூடு, லிப்ஸ்டிக் பூசுன ரத்தக்காட்டேரி, கருப்பு நைட்டி போட்ட சூனியக்காரி. சம்யு ஒரு வெள்ளப் பெட்ஷீட்ட மேல போத்திக்கிட்டு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுக்கிட்டு வந்தா. பெட்ஷீட்டு போத்துனா பூசணிக்காயிக்கு அடையாளம் தெரியாதுன்னு யாரோ பசங்க சொல்லிக் குடுத்திருக்குதுக, மத்தியானமே போய் நின்னு பார்த்திருக்கறா, ரெண்டு கண்ணும் எரிஞ்சுதாம். பேய்க்குப் பேயத் தெரியாதான்னு மாரப்பண்ணன் சிரிச்சாரு.

வலைக்கு அந்தப் பக்கம் ஏ பிளாக்கு, இந்தப் பக்கம் பி பிளாக்கு, நடுவுல வலைக்குக் கீழயே அந்தச் சின்னப் பேயி. ஒரு தட்டுல சூடமும் தீப்பெட்டியும் அது முன்னால வெச்சிருந்துச்சு.

"சொல்லு கண்ணு," நந்தகோபாலண்ணன் குனிஞ்சு கேட்டாரு. "அப்பாகிட்ட இருக்கறயா? சொந்த வீடு. யாரும் காலி பண்ணச் சொல்லமாட்டாங்க."

"சொந்த வீடு உங்கம்மா பேர்லங்க இருக்குது," கவுசல்யாக்கா இந்தப் பக்கமிருந்து அவருகிட்ட சொன்னாங்க. "பேய்க்கு வாக்கப்பட்டா முருங்க மரம் ஏறித்தான் ஆவணும்னு பத்து வருசம் ஏறுனேன், எம்புள்ளயும் ஏறணுமா? சம்யு, அம்மாகிட்ட வாடி."

"முருங்க மரத்துல யாரு தொங்குனாங்கன்னு ஊருக்கே தெரியுங்க!"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க, அதுதான் கேட்டுலயே தொங்குதே, உங்க மூஞ்சியாட்டவே!"

ரெண்டு பிளாக்கும் கை தட்டுச்சு, விசிலடிச்சுது, அவங்கவங்க ஆளுக்கு. ரத்தக்காட்டேரியெல்லாம் பயந்து அழுவ ஆரம்பிச்சுருச்சு.

பெட்ஷீட்டு என்கிட்ட நகர்ந்து வந்துச்சு. "அக்கா. நீங்க பசங்களுக்கு ஒரு வெளையாட்டுச் சொல்லிக் குடுத்தீங்கள்ல? ஆமாங்கறதுக்கு இல்லன்னு சொல்லணும், இல்லைங்கறதுக்கு ஆமான்னு சொல்லணும்னு."

"நாட்," நான் சொன்னேன். "அது நாட் கேட்டு. எல்லாத்தையும் தலைகீழாக்கிரும்."

"தலைகீழாவா?"

நான் வேற எதுவும் சொல்லல, சத்தியமா. அவளாத்தான் போனா. ரெண்டு பக்கமும் பூசணிக்கா மாதிரி மூஞ்சி ஊதிக்கிட்டுக் கத்திட்டு இருந்ததால யாரும் கவனிக்கல, அவ மாரப்பண்ணனோட பிளாஸ்டிக் சேரக் கேட்டுக்கு இழுத்துட்டுப் போயி, அது மேல ஏறி, அங்கிருந்து சொவத்து மேல தொத்தி, உறிக்குள்ள கைய உட்டு, பூசணிக்காய அப்படியே பொரட்டி, காம்பு கீழ பார்க்கற மாதிரித் தலைகீழாக் கவுத்து வெச்சா. வாயி நெத்திக்குப் போச்சு, கண்ணு ரெண்டும் தாடைக்கு வந்துச்சு. அவ சேர உட்டு எறங்கி நின்னா. ரெண்டு கண்ணும் எரிஞ்சுது. இத்தன நாளா எதுக்கு மூடுச்சோ அதுக்குத் தொறந்துச்சு வாயி, எதுக்குத் தொறந்துச்சோ அதுக்கு இனி மூடும், கேட்டு கிரீச்சுன்னு நகர்ந்துச்சு, பெட்ஷீட்டு தரையில பொரள அவ ரோட்டத் தாண்டிப் போயே போயிட்டா.

"புள்ள!" கவுசல்யாக்கா கத்துனாங்க.

மொத ஓடுனது நந்தகோபாலண்ணன். தூரத்துலேர்ந்து பார்த்தா கேட்டு ஆன்னு தொறந்து கெடந்துச்சு, அவரு கிட்ட போனதும் மூஞ்சிக்கு நேரா படார்னு சாத்திக்கிச்சு. பழக்கதோசத்துல அவரு பத்தடி தள்ளி மரத்தடிக்குப் போனாரு, அவங்க முறை வரட்டும்னு. கேட்டு தொறந்துச்சு. கவுசல்யாக்கா ஓடுனாங்க, படார். தள்ளி நின்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரி பெஞ்சுல வெள்ளையா புள்ள உக்காந்திருக்கறது தெரியும், கிட்ட போனா இரும்புக் கதவுதான் தெரியும். சென்னியப்பன் அங்கிள் போனாரு, சாத்துச்சு. ஃபிலோமினாக்கா போனாங்க, சாத்துச்சு. எந்தப் பிளாக்குலயும் இல்லாத மாரப்பண்ணன் மட்டும் பீடியப் பத்த வெச்சுக்கிட்டு உள்ளயும் வெளியவும் நடந்துட்டு இருந்தாரு, அவரு பின்னாலயே ஒரு எருமை உள்ள வந்து அங்கிளோட கார உரசிக்கிட்டு நின்னுச்சு.

நந்தகோபாலண்ணன் மூணாவது தடவை போனாரு. கதவு மேல கைய வெச்சுக்கிட்டு அங்கயே நின்னுட்டாரு, தள்ளி வரல. "சம்யு, ரோட்டுல எறங்காத கண்ணு, லாரி வருது," அப்படின்னு இரும்புக்குள்ள பேசிட்டு இருந்தாரு. அவருக்கு ரோடே தெரியல.

மரத்தடியில நின்ன கவுசல்யாக்கா கொஞ்ச நேரம் அவரு முதுகப் பார்த்தாங்க. பொடனியில சட்டைக் காலரு உள்ள மடிஞ்சு கெடந்துச்சு.

"நகரட்டுங்களா?" அவரு கேட்டாரு, திரும்பாமயே. "நீங்க போகோணும்னா நான் நகர்றேன்."

"நகர வேண்டாம். அப்படியே நில்லுங்க." அந்தக்கா நடந்து போயி அவரு பக்கத்துல நின்னாங்க. "மேல படாம நில்லுங்க."

"நான் எங்கங்க படறேன்?"

"படறீங்க."

எடது கண்ணு எரிஞ்சுது. வலது கண்ணு எரிஞ்சுது. கருப்புக் கயிறு அப்படியேதான் இருந்துச்சு, ஒரு கண்ணுக்கு இன்னொரு கண்ணு இப்பவும் தெரியாது, ஆனா வாயி தொறந்துச்சு.

அந்தப் பூசணிக்கா இன்னும் தலைகீழாத்தான் தொங்குது, அத யாரு எறக்கறதுன்னு கூட்டம் போட்டுட்டே இருக்கறாங்க, அதுவரைக்கும் வெளிய போயிட்டு வரச் சோடி தேட வேண்டியிருக்குது, சென்னியப்பன் அங்கிளும் ஃபிலோமினாக்காவும் தெனமும் காலையில ஒருத்தர ஒருத்தர் வஞ்சுக்கிட்டே ஒண்ணா வெளிய போயி, வஞ்சுக்கிட்டே ஒண்ணா உள்ள வர்றாங்க, அங்கிளுக்குச் சர்க்கரை கொறஞ்சுருச்சுன்னு அதுக்கும் ஃபிலோமினாக்கா வையறாங்க. யாரும் யாரோடவும் சேரல. சம்யுவோட அப்பா அம்மாவுந்தான் சேரல, இப்பவும் மூணாவது மாடி, எதிர் எதிர் பால்கனி, ஞாயித்துக்கெழம ஒரு தலகாணி.

ஆனா அன்னைக்கு நான் கேட்டோரமா நின்னு பார்த்தேன். நான் பி ஆளு, அதனால கிட்ட போனா கேட்டு சாத்தும், தள்ளி வந்தாத் தொறக்கும், எனக்குக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் ரோட்டத் தாண்டுனாங்க, லாரியப் பார்த்து நடங்கன்னு அவரு சொன்னாரு, எனக்குக் கண்ணு தெரியுங்கன்னு அந்தக்கா சொன்னாங்க. பேக்கரியில சம்யு பெட்ஷீட்ட மடியில மடிச்சு வெச்சுக்கிட்டு தேங்காய் பன்னப் பிச்சுத் தின்னுட்டு இருந்தா. அவருக்கு டீதான் எறங்கும், அவங்களுக்குக் காப்பிதான் எறங்கும், அது ஒண்ணுலயாவது ஒத்துப் போயிருக்கலாம். ரெண்டு பேரும் அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரு அந்தப் பக்கம் ஒருத்தருன்னு உக்காந்தாங்க, மேல படாம. கல்லாவுல இருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, பெரியவங்கள உட்டுட்டு புள்ளையத்தான் கேட்டாரு.

"என்ன கண்ணு, டீயா, காப்பியா?"

"ரெண்டும்."